தோப்பில் கத்துவது கௌதாரியா, காடையா?

முந்திரிக்காடு
ஜனவரி 18, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. அப்பா இருந்தவரை அவர்தான் பார்த்துக்கொண்டார். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் அப்பா வைத்த கன்றுகள் இப்போது நன்றாகக் காய்க்கின்றன, பார்க்கத்தான் அவர் இல்லை. எனக்குக் கடலூரில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் தோப்புக்குப் போகிறேன்.

விஷயம் இதுதான். விடிகிற நேரத்தில் வடக்கு வரப்பிலிருந்து ஒரு பறவை கத்துகிறது. தோப்பின் தெற்குக் கோடியில் நின்றாலும் பக்கத்தில் கத்துவது போலக் கேட்கும். முதலில் தொண்டையைச் செருமுவது போல இரண்டு மூன்று சத்தம். அப்புறம் 'கதீத்தர், கதீத்தர், கதீத்தர்' என்று ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று எதிர்க்குரல் கொடுக்கும். அம்மா காடை என்கிறார். பக்கத்துத் தோப்புக்காரர் கௌதாரி என்கிறார். நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். சருகு மேல் ஓடியது, நான் கிட்டப் போனதும் காலடியிலிருந்து விர்ரென்று கிளம்பி முப்பது அடி தள்ளி விழுந்தது. மறுபடி கண்ணில் படவே இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கொட்டை பொறுக்கும் பருவத்துக்கு முன்னால் அந்த வரப்பைச் சுத்தம் செய்ய ஜேசிபி சொல்லி வைத்திருக்கிறேன். வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்), காரை, சூரை, சப்பாத்திக்கள்ளி எல்லாம் பத்தடி அகலத்துக்கு மண்டிக் கிடக்கிறது. "அதை எடுத்துட்டா அந்தக் குரலும் போயிடும் தம்பி" என்றார் பக்கத்துக்காரர். உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நம் பக்கத்து வேட்டைப் பறவைகளைப் பற்றிப் பொதுவாகவும் சொன்னால் நன்றாக இருக்கும்.


கெடிலக்கரை
ஜனவரி 18, இரவு 9:40

வேட்டைப் பறவை என்றால் பருந்து, வல்லூறு, ராஜாளி இல்லையா? கௌதாரி எப்படி அதில் வரும்?


ஊசுட்டேரிக்கரை
ஜனவரி 19, காலை 6:25

கெடிலக்கரை, இந்தக் குழப்பம் தமிழில் எப்போதும் உண்டு. வேட்டையாடுகிற பறவையையும் வேட்டைப் பறவை என்கிறோம், மனிதன் வேட்டையாடிச் சாப்பிட்ட பறவையையும் அப்படியே சொல்கிறோம். இங்கே பேச்சு இரண்டாவது வகையைப் பற்றி. கௌதாரி, காடை, காட்டுக்கோழி, மயில் எல்லாம் கோழிக் குடும்பம். நாமக்கோழி, தாழைக்கோழி, கானாங்கோழி ஆகியவற்றின் பெயரில்தான் கோழி இருக்கிறது, உறவில் அவை கோழி அல்ல, நாரை போன்ற தோற்றமுள்ள சாரசு என்ற பெரிய பறவைக்குத்தான் அவை கிட்டம். ஏரிக்கரையில் அவற்றையும் பிடித்துத் தின்றார்கள் என்பதால் ஒரே பட்டியலில் சேர்ந்துவிட்டன.

இப்போது முந்திரிக்காடு தம்பிக்கு. நீங்கள் எழுதிய குரலை வைத்தே சொல்கிறேன், அது கௌதாரி. வட இந்தியாவில் அதன் பெயரே தீத்தர். அது கத்துவதைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள்.

காடை இவ்வளவு பெரிய குரல் எடுக்காது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சாதாரணக் காடை தண்ணீர் சொட்டுவது போல மூன்று அசையில் கூப்பிடும். மழைக்காலத்தில் கூப்பிடும் கருப்பு நெஞ்சுக் காடை 'விட், விட்' என்று இரண்டிரண்டாக, உலோகத்தைத் தட்டுவது போலச் சொல்லும். இரண்டுமே புல்லுக்குள்ளிருந்து வரும் சின்னக் குரல். கௌதாரியோ புற்று மேலோ கல் மேலோ ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தும்.

அளவும் பாருங்கள். காடை உள்ளங்கையில் அடங்கும். கௌதாரி சுமார் ஒரு அடி நீளம், கால் கிலோவுக்குச் சற்று மேல். உடம்பு முழுக்கச் சாம்பலும் பழுப்புமாக மெல்லிய குறுக்கு வரிகள். தொண்டை மஞ்சள் கலந்த செம்பழுப்பு, அதைச் சுற்றி மெல்லிய கருங்கோடு. மையால் வரைந்தது போல இருக்கும். பறக்கும்போது வாலின் ஓரம் செங்கல் நிறத்தில் விரியும். அடுத்த தடவை காலடியிலிருந்து கிளம்பினால் வாலை மட்டும் கவனியுங்கள், போதும். சேவலும் பெட்டையும் தூரத்தில் ஒன்று போலவே தெரியும். சேவலுக்குக் காலில் முள் இருக்கும், சில சேவல்களுக்கு ஒரே காலில் இரண்டு முள்கூட இருக்கும்.

நீங்கள் பார்த்த அந்த 'ஓடி, நின்று, விர்ரென்று' பழக்கம் இந்தக் குடும்பத்துக்கே உரியது. இறக்கை குட்டை, வட்டமானது. நெஞ்சுச் சதை கனம். நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்ப ஏற்ற உடம்பு, நீண்ட நேரம் பறக்க ஏற்றதல்ல. இரண்டு மூன்று தடவை எழுப்பினால் களைத்துவிடும். அதனால்தான் முடிந்தவரை எழும்பாது. அசையாமல் உட்காரும், இல்லையென்றால் ஓடும். வேட்டைக்காரர்கள் இந்த மூன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் பிடித்தார்கள்.

வரப்பு விஷயத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன். அதுவரை ஜேசிபிக்காரரிடம் தேதி கொடுத்துவிடாதீர்கள்.


முந்திரிக்காடு
ஜனவரி 19, பகல் 1:05

ஐயா, மிக்க நன்றி. இன்று காலை நீங்கள் சொன்னபடி பார்த்தேன். செங்கல் நிற வால் தெரிந்தது! இன்னொன்று, வரப்போரம் செம்மண்ணில் சோற்றுத் தட்டு அளவுக்கு நான்கைந்து குழிகள். மண் மாவு போல மெத்தென்று இருந்தது. ஒன்றில் வரி போட்ட சிறகு ஒன்று கிடந்தது, ஒரு விரல் நீளம் இருக்கும். கோழிக் குழி என்று நினைத்தேன், ஆனால் சுற்றி யாரும் கோழி வளர்க்கவில்லை.


ஊசுட்டேரிக்கரை
ஜனவரி 19, மாலை 5:50

கௌதாரிதான். புழுதியில் புரண்டு சிறகிலுள்ள பேனையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்கிக்கொள்ளும். கோழிக் குடும்பம் முழுக்க இப்படித்தான். நான்கைந்து குழி இருந்தால் ஒரு கூட்டமே வந்து போகிறது. சிறகை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இந்தப் பறவை நம்முடையது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1774 முதல் 1781 வரை இந்தப் பக்கமெல்லாம் சுற்றி, 1782-இல் பயண நூல் வெளியிட்டார். அதில் இந்தப் பறவையைப் 'பாண்டிச்சேரிக் கௌதாரி' என்றே எழுதினார். அதை வைத்து 1789-இல் குமெலின் என்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அறிவியல் பெயர் கொடுத்தபோது 'பாண்டிசெரியானஸ்' என்று வைத்தார். அண்மையில் முன்பாதியான பேரினப் பெயர் பிராங்கோலினஸ் என்பதிலிருந்து ஆர்டிகார்னிஸ் என்று மாறியது. பாண்டிச்சேரி மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரானில் இந்தப் பறவையைப் பார்க்கிறவரும் நம் ஊர்ப் பெயரைத்தான் எழுத வேண்டும்.

மழைக்காலக் கருப்பு நெஞ்சுக் காடைக்குக் 'கொரமண்டலிகா' என்று பெயர், நம் சோழமண்டலக் கரைதான் அது. சாம்பல் காட்டுக்கோழிக்கு 'சொன்னராட்டி' என்று சொன்னராவின் பெயரையே வைத்தார்கள். திருக்கழுக்குன்றத்தில் சோறு தின்ன வந்த கழுகுகளின் உள்ளினப் பெயரில் செஞ்சி இருக்கிறது. வெள்ளைக்காரர் வைப்பதற்கு முன்பே நம்மிடம் பெயர் இருந்ததும் உண்மை. சங்கப் பாடல்களில் கௌதாரி சிவல், காடை பூழ், குறும்பூழ். கலித்தொகையின் மருதக் கலியில் குறும்பூழ்ச் சண்டை வருகிறது. காடையைச் சண்டைக்கு விட்டுப் பார்க்கிற பழக்கம் அவ்வளவு பழையது.


காடைப்பண்ணை
ஜனவரி 19, இரவு 8:30

நான் குறிஞ்சிப்பாடிப் பக்கம் காடை வளர்க்கிறேன். ஒரு குழப்பத்தைத் தீர்த்து வைக்கிறேன், வாடிக்கையாளர்கள் தினமும் கேட்பது. கடையில் கிடைக்கும் காடை காட்டில் பிடித்தது அல்ல. அது ஜப்பானியக் காடை, தலைமுறை தலைமுறையாகப் பண்ணையிலேயே வளர்கிற இனம். முட்டை பொரிக்கப் பதினேழு, பதினெட்டு நாள். ஐந்து வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும். ஆறு, ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். முட்டை பத்து கிராம் வரும். அடைகாக்கும் குணமே இதற்குப் போய்விட்டது. பொரிப்பான் இல்லாமல் என் பண்ணையில் ஒரு குஞ்சுகூடக் கிடைக்காது.

வெட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறி வெள்ளையாக இருக்கும், காடையின் நெஞ்சு கருஞ்சிவப்பு. ஐயா சொன்ன 'களைத்துவிடும்' கணக்கு காடைக்குக் கொஞ்சம் மாறும். காடை இனம் வலசை போகிற இனம். இரவெல்லாம் பறக்கிற சதை, ரத்த ஓட்டம் அதிகம், அதனால் அந்த நிறம். பண்ணையில் கூண்டைத் திறந்து வைத்தால் இரண்டடி தாண்டாது, ஆனாலும் நெஞ்சின் நிறம் மாறவில்லை.

சிலர் பண்ணைக் காடையை வாங்கிக் காட்டில் விட்டால் புண்ணியம் என்று கேட்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நாயும் கீரியும் அன்றே தின்றுவிடும். தப்பிப் பிழைத்தாலும் காட்டுக் காடையோடு இணை சேர்ந்து அந்த ரத்தத்தையும் கெடுக்கும். ஐரோப்பாவில் இது நடந்திருக்கிறது.


கல்லூரி மாணவி
ஜனவரி 20, காலை 10:15

காலாப்பட்டில் விடுதிக்குப் பின்னால் ஒரு சின்னக் காடையைப் படம் எடுத்தேன். கழுத்தும் நெஞ்சும் கருப்பு. காலில் மூன்று விரல்தான், பின்விரலே இல்லை. அடிபட்டு ஒரு விரல் போய்விட்டதா என்று தெரியவில்லை. இரண்டு காலிலும் அப்படித்தான் இருக்கிறது. இது அந்தக் கருப்பு நெஞ்சுக் காடை சேவல்தானே?


ஊசுட்டேரிக்கரை
ஜனவரி 20, பகல் 12:20

இல்லை அம்மா, அருமையான கேள்வி! பின்விரல் இல்லை என்று கவனித்தீர்களே, அதுதான் முக்கியம். இது காடையே அல்ல. பார்க்கக் காடை, உறவில் கடற்கரையோரம் ஓடும் உள்ளான், ஆலா கூட்டத்தைச் சேர்ந்தது. கழுத்து கருப்பாக இருப்பது பெட்டை.

இதில் எல்லாமே தலைகீழ். பெட்டை பெரிது, நிறமும் அதற்குத்தான். பெட்டைதான் கூப்பிடும், பெட்டைகள்தான் ஒன்றோடொன்று சண்டை போடும். தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுவது போல 'டுர்ர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டால் அது இந்தப் பெட்டை. முட்டையிட்டுச் சேவலிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் சேவல் வேலை.

உண்மையான காடைக்குப் பின்விரல் உண்டு, சின்னதாக, கொஞ்சம் மேலே தள்ளி இருக்கும். படத்தில் கால் தெரியாவிட்டால் பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். சாதாரணக் காடைக்கும் கருப்பு நெஞ்சுக் காடைப் பெட்டைக்கும் வித்தியாசம் இன்னும் நுணுக்கம். முன்னதன் பெரிய இறகுகளில் வெளிர் வரிகள் உண்டு, பின்னதற்கு வரி கிடையாது. இறக்கை விரிந்த படம் வேண்டும்.


செம்மண்பாதை
ஜனவரி 20, இரவு 7:45

எனக்கு எழுபத்து மூன்று வயது. பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

சின்ன வயதில் கௌதாரி பிடித்திருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை. அப்போது எங்கள் ஊரில் அது தவறென்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பெரியப்பா ஒரு சேவல் கௌதாரி வளர்த்தார். மூங்கில் கூண்டு, மேலே துணி. விடியும் முன் கொண்டுபோய்க் காட்டில் வைத்துத் துணியை எடுப்பார். அது கத்தும். அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரச் சேவல் பொறுக்காமல் ஓடி வரும். கூண்டைச் சுற்றிக் குதிரைவால் மயிரில் கண்ணி வைத்திருப்போம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், கௌதாரியும் அப்படித்தான். கத்தாமல் இருந்தால் அதை எவனும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு தடவை கண்ணியில் மாட்டியதை நான்தான் எடுத்தேன். கையில் பிடித்ததும் உதறவில்லை. நெஞ்சு மட்டும் என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது. தொண்டையில் ஐயா சொன்ன அந்தக் கருங்கோடு, அதற்கு மேலே கண் என்னையே பார்த்தது. கொஞ்ச தூரத்தில் பெட்டை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அன்று முழுக்க அது கூப்பிட்டது. அதற்கப்புறம் நான் போகவில்லை. பெரியப்பா திட்டினார், அப்படியும் போகவில்லை.

ராத்திரி எங்கே இருக்கும் என்று யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். தரையில் மேயும், தரையில்தான் முட்டையிடும், ஆனால் தூங்குவது மரத்தில். உயர மரம் ஏறாது. முள் உள்ள குட்டை மரமாகப் பார்த்து ஏழெட்டும் நெருங்கி உட்காரும். பொழுது சாய்ந்ததும் உங்கள் வரப்பில் வேலிகாத்தான் மேலே பாருங்கள் தம்பி.


முந்திரிக்காடு
ஜனவரி 20, இரவு 8:10

தாத்தா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை. சனிக்கிழமை அவசியம் பார்க்கிறேன்.


மல்லாட்டை விவசாயி
ஜனவரி 21, காலை 9:00

எல்லாரும் கௌதாரியைப் பேசுகிறீர்கள். மயிலை என்ன செய்வது? அதுவும் இந்தக் குடும்பம்தானே? விதைத்த மல்லாட்டையை (வேர்க்கடலையை) கிளறித் தின்றுவிடுகிறது. தேசியப் பறவை என்று கையைக் கட்டிக் கிடக்கிறோம்.


காடைப்பண்ணை
ஜனவரி 21, காலை 11:30

உங்கள் கஷ்டம் உண்மை அண்ணா. 1963-லேயே தேசியப் பறவை, சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு. விதைத்த முதல் பத்துப் பதினைந்து நாள் காவல் இருப்பதும், பளபளக்கும் நாடா கட்டுவதும் எங்கள் ஊரில் ஓரளவு பயன்படுகிறது. விஷம் வைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். மயிலுக்கு வைத்ததை முதலில் கௌதாரியும் காடையும்தான் தின்னும்.


நத்தப்பட்டு நண்பர்
ஜனவரி 21, பகல் 2:40

செஞ்சி மலையில் காட்டுக்கோழி இருக்கிறதா? சாம்பல் காட்டுக்கோழி என்று மேலே வந்ததே, அதிலிருந்துதான் நாட்டுக்கோழி வந்ததா?


ஊசுட்டேரிக்கரை
ஜனவரி 21, மாலை 6:05

சாம்பல் காட்டுக்கோழிக்கு மேற்குத் தொடர்ச்சி மலைதான் முக்கிய வீடு. கிழக்கே சவ்வாது, கல்வராயன் மலைகளிலும் உண்டு. கடலூர், புதுச்சேரிச் சமவெளியில் எதிர்பார்க்காதீர்கள். சேவலின் கழுத்துச் சிறகுகளின் நுனியில் மெழுகு சொட்டியது போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அந்தச் சிறகுக்காகவே அதைக் கொன்று குவித்தார்கள். வெளிநாட்டில் மீன் பிடிக்கும் தூண்டிலில் பூச்சி போலக் கட்ட அதற்குப் பெரிய விலை.

நாட்டுக்கோழிக்கு மூதாதை வடக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கும் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் 2008-இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று அழகான விஷயத்தைக் காட்டியது. கோழியின் மஞ்சள் தோலுக்கு, அதாவது மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கிறது. உங்கள் வீட்டுக் கோழிக்கு மஞ்சள் கால் இருந்தால் அதில் தென்னாட்டுக் காட்டின் பங்கு இருக்கிறது.


வில்லியனூர் அக்கா
ஜனவரி 22, காலை 8:20

பேச்சு வரப்பை விட்டுப் போகிறது. நான் நெல்லும் உளுந்தும் போடுகிறவள், எதிர்க்கட்சி பேசத்தான் வந்தேன். புதரை வைத்துக்கொண்டு விவசாயம் எப்படிச் செய்வது? நல்ல பாம்பு வருகிறது. போன வருடம் எங்கள் பக்கத்தில் புல் அறுக்கப் போன பெண்ணை விரியன் கடித்து, கொண்டுபோன இடத்தில் மருந்து இல்லையென்று அலைக்கழித்து, பிழைத்ததே பெரிது. வேலிகாத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று ஊரே பிடுங்குகிறது. கொட்டை பொறுக்க ஆள் வரும்போது அந்தத் தம்பி என்ன பதில் சொல்வார்?


ஊசுட்டேரிக்கரை
ஜனவரி 22, இரவு 7:00

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. பயத்தைச் சின்னதாக்கிப் பேச மாட்டேன். பொறுக்கும் இடம், ஆள் நடக்கும் இடம், மோட்டார் கொட்டகை, இவை சுத்தமாக இருக்கத்தான் வேண்டும். நான் கேட்பது வரப்பின் ஒரு பக்கம் மட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். கௌதாரி புதர் அடியில் தரையைச் சற்றே கீறிப் புல் போட்டு ஆறேழு முட்டையிடும். சுமார் மூன்று வாரம் பெட்டை அதன் மேல் இருக்கும். காலடி கிட்ட வரும்வரை எழுந்திருக்காது. அசையாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்பதுதான் அதற்குத் தெரிந்த பாடம். கீரியிடமும் கழுகிடமும் அந்தப் பாடம் பலிக்கும். ஜேசிபியிடம் பலிக்காது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊசுட்டேரிக்கு மேற்கே மனை போட நிலத்தைச் சமப்படுத்தினார்கள். மண்ணோடு புரண்டு வந்த பெட்டையின் அடியில் உடையாத முட்டை ஒன்று சூடாக இருந்தது.

குஞ்சு பொரித்த அன்றே தாய் பின்னால் ஓடும், கூட்டில் இருக்காது. நல்ல விஷயம்தான், ஆனால் அதில் ஒரு சிக்கல். தாய் ஊட்டாது, குஞ்சு தானே பொறுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் தானியம் போதாது, கறையானும் எறும்பும் புழுவும் வேண்டும். இங்கிலாந்தில் அவர்கள் ஊர்க் கௌதாரி ஏன் குறைந்தது என்று பல வருடம் ஆராய்ந்தார்கள். வேட்டை மட்டும் காரணமில்லை. களைக்கொல்லி அடித்ததும் களை போனது, களையில் இருந்த பூச்சி போனது, குஞ்சுகள் பட்டினியில் செத்தன. வயல் ஓரத்தில் சில மீட்டர் மட்டும் மருந்தடிக்காமல் விட்டார்கள், குஞ்சுகள் பிழைத்தன. அந்த ஊர்ப் பறவை வேறு இனம், குஞ்சின் பசி ஒன்றுதான்.

வேலிகாத்தான் அந்நிய மரம், எனக்கும் பிடிக்காது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நாம் காரையையும் சூரையையும் சங்கஞ்செடியையும் கள்ளியையும் எடுத்துவிட்ட பிறகு கௌதாரி தங்க மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஒரே நாளில் பிடுங்கினால் அந்த ஏழெட்டும் அன்று ராத்திரி எங்கே உட்காரும்? காரையை முதலில் வளர விடுங்கள், அது ஆள் உயரம் வந்த இடத்தில் வேலிகாத்தானை வெட்டுங்கள். இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கௌதாரி, காட்டுக் காடை எதையும் பிடிக்கக் கூடாது, முட்டையும் எடுக்கக் கூடாது. சாலையோரம் 'காட்டுக் காடை' என்று கூண்டில் வைத்து விற்றால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.


வில்லியனூர் அக்கா
ஜனவரி 22, இரவு 9:15

ஒரு பக்கம் மட்டும் என்றால் செய்யலாம். எங்கள் உளுந்து வயலின் கிழக்கு வரப்பில் நடமாட்டம் இல்லை. இந்த வருடம் அங்கே மருந்தடிக்காமல் விட்டுப் பார்க்கிறேன். குழந்தைகளிடம் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டால் போகிறது.


முந்திரிக்காடு
ஜனவரி 25, இரவு 8:50

இன்று பொழுது சாயும்போது தோப்பிலேயே உட்கார்ந்தேன். ஆறரை மணிக்கு ஒவ்வொன்றாக வரப்பிலிருந்து வந்தன. ஓட்டம், நிற்பது, மறுபடி ஓட்டம். வேலிகாத்தானின் தாழ்ந்த கிளைக்கு ஒன்று தாவியது, பிறகு மற்றவை. கிளை ஆடியது. கொஞ்ச நேரம் 'கிர்ர், கிர்ர்' என்று முணுமுணுப்பு. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஏழு எண்ணினேன். தாத்தா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

ஜேசிபியை நிறுத்திவிட்டேன். முன்பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார், போகட்டும். தெற்கிலும் மேற்கிலும் ஆள் வைத்துக் கையால் வெட்டுகிறோம். வடக்கு வரப்பை அப்படியே விடுகிறேன். கொட்டை பொறுக்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் பத்தடிக்கு உள்ளே போக வேண்டாம் என்று கயிறு கட்டியிருக்கிறேன். அங்கே விழும் கொட்டை போனால் ஒரு மூட்டை போகும். அம்மாதான் முதலில் சரி என்றார்.


செம்மண்பாதை
ஜனவரி 26, காலை 6:40

நல்லா இருப்பா.


முந்திரிக்காடு
ஜூன் 14, இரவு 9:30

இந்த இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னிக்கவும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மார்ச்சில் கூட்டம் பிரிந்தது. இரண்டு மட்டும் வடக்கு வரப்பில் தங்கின. மற்றவை எங்கே போயின என்று தெரியவில்லை, ஒருவேளை பக்கத்துத் தோப்புக்கு இருக்கும், அங்கிருந்தும் குரல் கேட்கிறது. மே கடைசியில் சேவல் மட்டும் தனியாக மேய்ந்தது, பெட்டையைக் காணோம். ஐயா எழுதியது நினைவு வந்து அந்தப் பக்கமே போகவில்லை.

இன்று காலை கேணிப் பக்கம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சருகு அசைந்தது. முதலில் பெட்டை. அதன் பின்னால் முந்திரிக் கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கோடு போட்ட பழுப்பு உருண்டைகள். பெட்டை காலால் சருகைக் கிளறி விலகி நிற்கும், அவை பாய்ந்து பொறுக்கும். கறையான் போல. ஒன்று சருகில் கால் இடறிக் கவிழ்ந்து எழுந்தது. மேலே ஒரு வல்லூறு நிழல் போனது. பெட்டை ஒரே ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது, அவ்வளவும் மறைந்துவிட்டன. ஓடவில்லை, இருந்த இடத்திலேயே மறைந்துவிட்டன! நான் பார்த்துக்கொண்டிருந்த இடம்தான், சருகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பெட்டை மறுபடி சத்தம் கொடுத்ததும் சருகுக்கு உயிர் வந்தது போல எழுந்தன.

அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் எண்ணினோம். எனக்கு ஐந்து, அம்மாவுக்கு ஆறு.


வில்லியனூர் அக்கா
ஜூன் 14, இரவு 10:05

அம்மா கணக்குதான் சரியாக இருக்கும் தம்பி. எங்கள் கிழக்கு வரப்பில் குஞ்சு எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் இந்த வாரம் அந்த 'டுர்ர்ர்' சத்தம் கேட்கிறது, மோட்டார் சைக்கிள் மாதிரி. நம் மாணவி சொன்ன மூன்று விரல்காரிதானே அது?


கல்லூரி மாணவி
ஜூன் 15, காலை 7:10

ஆமாம் அக்கா, அவளேதான்! சாயங்காலம் வரலாமா? அவளுடைய காலைப் படம் எடுக்க வேண்டும்.